கூட்டுப் பட்டமும் கூலிக்காரன் மகனும்

தொழிற்சங்கப் படிப்பகத்தில் ஏடு புரட்டிக்கொண்டிருந்த தோழர் ஒருவர், விளம்பரம் ஒன்றின் மீது விரலை ஊன்றியபடி நம்மைக் கூப்பிட்டார். அரைப் பக்க விளம்பரம். தனியார் பல்கலைக் கழகம் ஒன்று கொடுத்தது. பாதிப் படிப்பு இங்கே, மீதிப் படிப்பு கடல் கடந்த நாட்டிலே, முடிவில் இரு பல்கலைக் கழகங்களும் சேர்ந்து வழங்கும் பட்டம்! இதுதான் அதன் சாரம். நீல வானத்தில் ஒரு விமானம், கறுப்பு அங்கி போட்ட பிள்ளைகள், சிரித்த முகங்கள். கட்டணம் எவ்வளவு என்ற விவரம் மட்டும் எந்த மூலையிலும் இல்லை.

"இது நெசந்தானா தோழர்? நம்ம வீட்டுப் பையன் இதிலே சேர முடியுமா?" என்று கேட்டார்.

நூற்பாலையிலே பஞ்சுத் தூசியை விழுங்கியே தலை நரைத்தவர் அவர். மகன் அரசினர் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. கணக்கிலே கெட்டிக்காரன் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்களாம். முதல் கேள்விக்கு "நெசந்தான்" என்று உடனே சொல்லிவிட்டோம். இரண்டாவது கேள்விக்கான பதில் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அன்று சொல்லாத பதிலை இன்று இந்தப் பத்தியிலே சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் ஒருவருக்காக மட்டுமல்ல, கழகத் தோழர்கள் எல்லோருமே இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய காலம் வந்திருக்கிறது என்பதற்காகவும்.

டில்லியிலுள்ள பல்கலைக் கழக மானியக் குழு, 2022 மே மாதத்திலே புதிய ஒழுங்குமுறை ஒன்றைப் பிறப்பித்தது. இந்தியக் கல்வி நிலையமும் அயல்நாட்டுக் கல்வி நிலையமும் கைகோத்துப் பட்டம் வழங்க வழி செய்வது அது. மூன்று வகை சொல்லப்பட்டிருக்கிறது. ஆலைத் தொழிலாளிக்கு ஆலை மொழியிலேயே சொல்வோம். துணியில் ஒரு பகுதியை அயல்நாட்டு ஆலையிலே நெய்து, முத்திரை மட்டும் நம் ஆலையுடையதாகக் குத்தினால் அது 'ட்வின்னிங்' எனப்படும் இணைவுப் படிப்பு. இரு ஆலைகளும் சேர்ந்து நெய்த ஒரே துணியில் இருவர் முத்திரையும் விழுந்தால் அது கூட்டுப் பட்டம். சான்றிதழ் ஒன்று, சின்னங்கள் இரண்டு. ஒரே படிப்புக்கு இருவரும் தனித்தனியாக ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தால் அது இரட்டைப் பட்டம்.

தர மதிப்பீட்டுக் குழுவான 'நாக்' அமைப்பிடம் 3.01க்குக் குறையாத மதிப்பெண் பெற்ற நிலையமோ, தேசியத் தரவரிசையில் முதல் நூறு பல்கலைக் கழகங்களில் ஒன்றோ, 'சிறப்புயர் நிலையம்' என்று பெயர் பெற்றதோ, உலகத் தரவரிசையில் முதல் ஆயிரத்துக்குள் இருக்கும் அயல்நாட்டுப் பல்கலைக் கழகத்தோடு, குழுவின் முன் அனுமதி இல்லாமலே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். இந்த வழியாகக் கிடைக்கும் பட்டம் இந்தியப் பட்டத்துக்குச் சமமானது, தனியே சமத்துவச் சான்று வாங்க வேண்டியதில்லை என்றும் விதி சொல்கிறது. பெயரை மட்டும் வாடகைக்கு விடும் கிளைக்கடை ஏற்பாட்டுக்கு இடமில்லை என்றும் சொல்கிறது. நல்லது. இதிலெல்லாம் நமக்குச் சண்டை இல்லை.

கூட்டுப் பட்டம் என்றதுமே "வெள்ளைக்காரன் மறுபடியும் வருகிறான்" என்று கொதிக்கிற தோழர்கள் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் கொதிப்பில் நாம் பங்கு கொள்வதற்கில்லை. 1857ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக் கழகம் தோன்றியபோதே லண்டன் பல்கலைக் கழகத்தின் அச்சிலேதான் வார்க்கப்பட்டது. அந்த அச்சை உடைத்து, ஆராய்ச்சியும் போதனையும் நடக்கும் இடமாக அதை மாற்றிய 1923ஆம் ஆண்டுச் சட்டம் நீதிக் கட்சி ஆட்சியிலே வந்தது. பிறரிடமிருந்து எடுத்துக்கொள்வதும், எடுத்துக்கொண்டதை நமக்கேற்றபடி திருத்திக்கொள்வதும் நம்மவர்க்குப் புதிதல்ல.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு எந்தக் கல்லூரிப் பட்டமாயிருந்தால் என்ன? அவனுக்கு அப்பாவின் பெயரே சிபாரிசுக் கடிதம். உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்குக் கையிலிருக்கும் காகிதம் ஒன்றுதான் சிபாரிசு. அந்தக் காகிதத்தில் உலகம் அறிந்த இன்னொரு பெயரும் சேர்ந்திருக்குமானால், அதனால் அதிக நன்மை யாருக்கு? அவனுக்குத்தான்! ஆகவே, கூட்டுப் பட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லப் போவதில்லை. அது எவனுக்கு அதிகம் தேவையோ அவனுக்கே எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிடப்படுகிறதே, அதைத்தான் கேட்கிறோம்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம்

விதியின்படி, கூட்டுப் பட்டத்துக்கு இரு நிலையங்களிலும் குறைந்தது 30 சதவிகிதம் கிரெடிட் பெற வேண்டும். கிரெடிட் என்பது, மாணவன் படித்த நேரத்துக்கு விழும் வரவுப் புள்ளி. பேரேட்டிலே கூலி ஏறுவது போல ஏறும். மூன்றாண்டு இளங்கலைப் படிப்புக்கு 120 கிரெடிட் என்பது இப்போதைய திட்டம். அதிலே 30 சதவிகிதம் 36. ஆண்டுக்கு 40 வீதம் வைத்தால், ஏறக்குறைய ஓராண்டுப் படிப்பு. இணைய வழிப் படிப்புக்கு இந்த விதி பொருந்தாது. எனவே அந்தப் பங்கை அயல்நாட்டிலே போய்ப் படிப்பதென்றால், பையன் ஓராண்டு அங்கே உண்டு உறங்கி உயிர் வாழ வேண்டும்.

ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். நம் பிள்ளைகள் நிறையப் பேர் போகிற நாடு அது. அங்கே படிக்கப் போகிறவன், ஓராண்டுச் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் தன்னிடம் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். 2024 மே மாதம் அந்தத் தொகையை 29,710 ஆஸ்திரேலிய டாலராக உயர்த்தினார்கள். அன்றைய மாற்று விலையில் 16 லட்சம் ரூபாய்க்கு மேல்! கல்விக் கட்டணம் இதில் அடங்காது, விமானச் செலவும் அடங்காது. விசாவுக்கு விண்ணப்பிக்க மட்டும் 2025 ஜூலையிலிருந்து 2,000 டாலர். விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பி வராது.

நம் தோழர் மாதம் 15,000 ரூபாய் சம்பளக்காரர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,80,000. ஒரு வேளைச் சோறு தின்னாமல், ஒரு முழத் துணி வாங்காமல், வாடகை கொடுக்காமல், அத்தனை காசையும் மண்கலயத்தில் போட்டு மூடி வைத்தாலும், 16 லட்சம் சேர்வதற்கு ஒன்பது ஆண்டுகள் ஆகும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் அதற்குள் பிள்ளை குட்டிக்காரனாகிவிடுவான்.

"கடன் வாங்கட்டுமே, வங்கி கொடுக்கிறதே!" என்பார்கள் சிலர். கொடுக்கிறது, மறுக்கவில்லை. பெரிய தொகை என்றால் வீடோ நிலமோ ஈடு கேட்கிறது. ஓட்டு வீட்டுக்கு வாடகை கொடுப்பவன் எதை ஈடு வைப்பான்? வீட்டுக்காரரின் ஓட்டையா?

ஆக, 'முப்பது சதவிகிதம்' என்று ஒழுங்குமுறை எழுதியவர்கள் எந்தச் சாதியையும் விலக்கவில்லை, எந்த வகுப்பையும் தள்ளவில்லை. எழுத்திலே ஒரு குற்றமும் காண முடியாது. ஆனால் அந்த ஒரு வரி, தானாகவே வாசற்படியில் நின்று, வருகிறவன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்து உள்ளே விடுகிறது.

அண்ணல் அம்பேத்கரின் இரண்டு பட்டங்கள்

இரண்டு கண்டங்களில் இரண்டு பல்கலைக் கழகங்களில் படித்துப் பட்டம் பெற்ற ஒருவரைப் பற்றி நம் தோழர்கள் அனைவருக்கும் தெரியும். ஆனால், அந்தப் படிப்புக்குப் பணம் எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் நின்றுபோயிற்று என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள்.

1913ஆம் ஆண்டு அம்பேத்கர் நியூயார்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக் கழகத்துக்குப் போனார். அனுப்பியவர் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட். மாதம் 11½ பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை. படித்து முடித்தபின் பரோடா சமஸ்தானத்தில் பத்தாண்டு வேலை செய்ய வேண்டும் என்று நிபந்தனை. 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916இல் லண்டன் சென்று பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். பாரிஸ்டர் படிப்புக்கும் பெயர் கொடுத்தார். 1917இல் உதவித்தொகை நின்றது. படிப்பு பாதியிலே நின்றது. நாடு திரும்பினார். முதல் உலகப் போர்க் காலம். அவருடைய புத்தகங்களையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றி வந்த கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி கடலுக்கு அடியிலே அனுப்பிவிட்டது. ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குப் போனார். கொலம்பியாவில் படித்து வந்தவருக்கு, தீண்டத்தகாதவர் என்பதால் அந்த ஊரிலே தங்க ஓர் அறை கிடைக்கவில்லை!

பிறகு பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை. சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, கோல்ஹாப்பூர் மன்னர் சாகுவின் உதவியையும் நண்பரிடம் பெற்ற கடனையும் சேர்த்துக்கொண்டு 1920இல் மறுபடியும் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். 1923இல் லண்டனில் டி.எஸ்சி. பட்டம். கொலம்பியாவின் பி.எச்.டி. முறைப்படி கைக்கு வந்தது 1927இல்.

1917க்கும் 1920க்கும் நடுவே மூன்று ஆண்டுகள். அந்த மூன்று ஆண்டுகளில் அம்பேத்கருக்கு அறிவு குறைந்துவிட்டதா? ஆர்வம் குன்றிவிட்டதா? லண்டன் கல்விக்கூடம் வேண்டாமென்றதா? எதுவுமில்லை. மாதம் பதினோரு பவுன் நின்றுபோயிற்று, அவ்வளவுதான். சட்ட மேதையாக வரவேண்டியவரையே அது மூன்றாண்டு கரையிலே உட்கார வைத்தது என்றால், பஞ்சாலைத் தோழரின் மகனை எத்தனை ஆண்டு உட்கார வைக்கும்?

அன்று மன்னர் கொடுத்தார். இன்று மன்னர் இல்லை, மக்கள் வரி கட்டுகிறார்கள். மத்திய அரசாங்கம் நடத்தும் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித் திட்டத்தில், தாழ்த்தப்பட்டோர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், கைவினைஞர் குடும்பத்து மாணவர்களுக்கென்று ஆண்டுக்கு 125 இடம். இந்தியா முழுவதற்கும் சேர்த்து 125! அதிலும் 2025ஆம் ஆண்டில் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மட்டுமே கடிதம் அனுப்பி, மற்றவர்களுக்கு நிதி இருந்தால் அனுப்புவோம் என்றார்கள். 2022இலேயே அந்தத் திட்டத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்று விதியை மாற்றிவிட்டார்கள். கொலம்பியாவிலே 1916இல் இந்தியச் சாதிகளின் தோற்றத்தைப் பற்றி ஆய்வுரை படித்தவர் அம்பேத்கர். அதே பொருளை ஆராய விரும்பும் இன்றைய மாணவன் இந்த உதவித்தொகையைக் கேட்க முடியாது!

எங்கே எப்படி நடத்துகிறார்கள்?

"எல்லாருக்கும் அரசாங்கமே பணம் கொடுக்க முடியுமா? இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்பவர்களுக்காக ஒரு செய்தி.

பிரான்சும் ஜெர்மனியும் 1870இல் போரிட்டன. 1914இல் போரிட்டன. 1939இல் போரிட்டன. எழுபது ஆண்டுகளுக்குள் மூன்று முறை ஒன்றின் குருதியை ஒன்று குடித்த நாடுகள். இரண்டுக்கும் நடுவே சார்லாந்து என்றொரு நிலப்பகுதி. நிலக்கரியும் இரும்பும் நிறைந்த சுரங்கப் பூமி. ஆகவே இரு நாட்டுக்கும் அதன்மேல் கண். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்சின் பிடியிலிருந்த அது, மக்கள் வாக்களித்த பிறகு 1957இல் மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்தது.

அந்தச் சார்லாந்தின் தலைநகரான சார்புருக்கன் நகரத்தில்தான் இன்று பிரெஞ்சு-ஜெர்மன் பல்கலைக் கழகத்தின் தலைமையகம் இருக்கிறது. 1997 செப்டம்பரில் வைமார் நகரில் இரு அரசாங்கங்களும் ஒப்பந்தம் செய்து உண்டாக்கியது. இதற்கென்று பெரிய வளாகமோ வகுப்பறைகளோ கிடையாது. இரு நாடுகளிலும் உள்ள சுமார் 200 கல்வி நிலையங்களைச் சேர்த்துக் கட்டும் கயிறு இது. மாணவன் படிப்பில் ஒரு பகுதியை இந்த நாட்டிலும் ஒரு பகுதியை அந்த நாட்டிலும் முடிப்பான். இரு நாட்டுப் பட்டமும் பெறுவான். எல்லை தாண்டிப் போய்ப் படிக்கும் மாதங்களுக்கு அவனுக்கு உதவித்தொகை உண்டு. பணம்? பாதி பாரிஸ் தருகிறது, பாதி ஜெர்மனி தருகிறது. நேற்றுவரை பீரங்கிக்குக் கொட்டிய பணத்தில் ஒரு துளி இது.

ஐரோப்பிய ஒன்றியம் 2004 முதல் நடத்திவரும் 'எராஸ்மஸ் முண்டஸ்' திட்டத்தையும் பாருங்கள். பல நாட்டுப் பல்கலைக் கழகங்கள் சேர்ந்து நடத்தும் முதுகலைப் படிப்பு. குறைந்தது இரண்டு நாடுகளிலாவது படித்தாக வேண்டும். அதற்கு உதவித்தொகை பெறுகிறவனுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 1,400 யூரோ கையில் கொடுக்கிறார்கள். இதைப் பெறுகிற அயல்நாட்டவர் வரிசையில் முன்னணியில் நிற்கிறவர்கள் யார் தெரியுமா? நம் இந்திய மாணவர்கள்! ஐரோப்பியத் தொழிலாளி கட்டிய வரியிலே நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். கூடவே, நம் வரிப் பணம் எங்கே போகிறது என்று கேட்கவும் வேண்டும்.

கடல் கடந்துதான் உதாரணம் தேட வேண்டுமென்பதில்லை. பம்பாய் ஐ.ஐ.டி.யும் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக் கழகமும் சேர்ந்து 2008இல் ஆராய்ச்சிக் கழகம் ஒன்றைத் தொடங்கின. ஆராய்ச்சி மாணவனுக்கு இங்கே ஒரு வழிகாட்டி, அங்கே ஒரு வழிகாட்டி, பி.எச்.டி. பட்டத்தில் இருவர் பெயரும் இருக்கும். அங்கே மாணவன் பணம் கட்டிப் படிப்பதில்லை, உதவித்தொகை வாங்கிக்கொண்டு படிக்கிறான். ஆக, முடியாத காரியமல்ல. ஆராய்ச்சி மாணவன் விஷயத்திலே முடிந்தது, இளங்கலை மாணவன் விஷயத்திலே ஏன் முடியாது?

பணம் கொடுத்து ஆளை அனுப்புவதைவிடச் செலவு குறைந்த வழியும் உண்டு. நாற்பது மாணவர்கள் கடல் கடப்பதற்குப் பதில் நான்கு ஆசிரியர்கள் இங்கே வரட்டுமே! சென்னைப் பல்கலைக் கழகம் மெல்போர்ன் பல்கலைக் கழகத்தோடு சேர்ந்து இளம் அறிவியல் படிப்பொன்றை நடத்தியிருக்கிறது. பாடத்திட்டம் அங்கிருந்து வந்தது, வகுப்பு சென்னையிலே நடந்தது. கூட்டுப் பட்டத்தின் அயல்நாட்டுப் பங்கையும் இப்படி நடத்த விதி இடம் கொடுக்குமானால் நடத்தட்டும். இடம் கொடுக்காவிட்டால் விதியைத் திருத்தட்டும். விதி என்ன, கல்வெட்டா?

கூட்டாளி ஓடிவிட்டால்?

இன்னொரு பயம் நமக்கு உண்டு. கூட்டு வியாபாரத்தில் கூட்டாளி கம்பி நீட்டினால் கடை மூடும், அவ்வளவுதான். கூட்டுப் பட்டத்தில் கூட்டாளி விலகினால் பையனின் மூன்று ஆண்டு என்னாவது?

சிங்கப்பூரில் நடந்ததைச் சொல்கிறோம். அது கூட்டுப் பட்டமல்ல, அயல்நாட்டுப் பல்கலைக் கழகம் நேரடியாகத் திறந்த வளாகம். ஆனால் பாடம் ஒன்றுதான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக் கழகம் 2007 மார்ச்சில் அங்கே வளாகம் திறந்தது. எதிர்பார்த்த கூட்டம் சேரவில்லை. சேர்ந்தவர்கள் 148 பேர். ஜூன் மாதமே மூடிவிட்டார்கள்! ஒரே ஒரு பருவம். அதே சிங்கப்பூரில், அமெரிக்காவின் ஏல் பல்கலைக் கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக் கழகமும் சேர்ந்து நிறுவிய கல்லூரியில் 2013இல் முதல் மாணவர்கள் நுழைந்தார்கள். 2021 ஆகஸ்டில் மூடுவதாக அறிவித்தார்கள். அதோடு புதுச் சேர்க்கை நின்றது. கடைசி வகுப்பு 2025இல் வெளியேறியது. உள்ளே இருந்தவர்களைப் படித்து முடிக்கவிட்டார்கள் என்ற அளவில் இது மேல்.

2022 ஒழுங்குமுறையில், படிப்பை முடிக்க முடியாத மாணவன் வெளியேறுவதற்கான வழியும், அதுவரை அவன் பெற்ற கிரெடிட் எப்படி ஏற்கப்படும் என்பதும் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும் என்றிருக்கிறது. இருக்கிறது, சரி. எந்த விளம்பரத்திலாவது அதை அச்சிட்டிருக்கிறார்களா? விமானப் படத்துக்குக் கீழே ஒரு வரி போட இடமில்லையா?

நம் வீட்டுக் குறையையும் சொல்லித்தானாக வேண்டும். அயல்நாட்டவன் ஒப்பந்தம் போட வந்தால் கையெழுத்துப் போட நம் பக்கத்தில் ஆள் வேண்டாமா? சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தர் பதவி 2023 ஆகஸ்டில் காலியானது. நாற்காலி நீண்ட காலம் காலியாகவே கிடந்தது. தேர்வுக் குழுவிலே யார் இருப்பது என்று ஆளுநர் எழுப்பிய தகராறு. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்கள் கிடப்பில். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 ஏப்ரல் 8ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அதன் பிறகும் வழக்கு ஓயவில்லை. நடுவிலே 2024 பிப்ரவரியில் வருமான வரி இலாகா அந்தப் பல்கலைக் கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. நூற்று அறுபது ஆண்டுக்கு மேல் வயதான அறிவாலயம், சம்பளம் போட வழியில்லாமல் திகைத்தது. இந்த நிலையில் தனியார் நிலையம் முந்திக்கொண்டு ஓடாதா? ஓடுகிறது! பொதுப் பல்கலைக் கழகத்தின் காலைக் கட்டிப்போட்டுவிட்டு, 'போட்டியிலே ஜெயித்தவன் பரிசு வாங்குகிறான்' என்று சொல்வது என்ன நியாயம்? மாநில அரசாங்கத்தையும் விடுவதற்கில்லை. பல்கலைக் கழக மானியத்தை உரிய காலத்தில் உரிய அளவில் கொடுப்பதும், காலியான ஆசிரியர் இடங்களை நிரப்புவதும் டில்லியின் வேலை அல்லவே!

தமிழ்நாட்டில் கல்லூரி வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் 47 பேர் உயர்கல்வியில் இருப்பதாக 2021-22ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்கு சொல்கிறது. இந்தியாவுக்கு அது 28.4. சும்மா வந்ததா இந்த 47? வகுப்புவாரி உரிமை ஆணை, அது 1951இல் நீதிமன்றத்தில் வீழ்ந்தபோது எழுந்த கிளர்ச்சி, அதன் பயனாய் வந்த அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம், பிற்பாடு 69 சதவிகிதச் சட்டம் என்று படிப்படியாக ஏறி வந்தது. அரசினர் பள்ளியில் படித்தவர்க்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித இடம் என்று 2021இல் சட்டம் வந்தபோது, அப்படிச் சேருகிற பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசாங்கமே ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டதை நினைத்துப் பாருங்கள். இடம் கொடுத்தால் மட்டும் போதாது, கட்டணத்தையும் ஏற்க வேண்டும் என்று அறிந்தே செய்தார்கள். அதே அறிவு கூட்டுப் பட்டத்திலே வேலை செய்ய வேண்டாமா?

ஆகவே நாம் கேட்பது இது. தமிழ்நாட்டின் எந்தப் பொதுப் பல்கலைக் கழகம் கூட்டுப் பட்ட ஒப்பந்தம் போட்டாலும், எத்தனை இடம், அதில் 69 சதவிகிதம் எப்படி நிரப்பப்படும், அரசினர் பள்ளிப் பிள்ளைக்கு எத்தனை என்பது அந்த ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். தேர்வு பெற்ற ஏழை மாணவனின் விமானச் சீட்டு, விசா, ஓராண்டுச் சாப்பாடு யார் கணக்கில் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். பாதி அயல்நாட்டுப் பல்கலைக் கழகம், பாதி அரசாங்கம் என்று சார்புருக்கன் வழியில் பிரித்துக்கொள்ளட்டும். ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்கள் அயல்நாட்டில் உயர்படிப்புப் படிக்க மாநில அரசாங்கம் தரும் அம்பேத்கர் பெயரிலான உதவித் திட்டத்தில், இங்கே பாதி அங்கே பாதி படிக்கும் கூட்டுப் பட்ட மாணவனையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால், ஆற்றின் இரு கரையிலும் ஒவ்வொரு கால் வைத்தவனுக்கு இரு கரைக்காரனும் கை கொடுக்க மாட்டான். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது பல்கலைக் கழக வளாகத்திலல்ல, அதனோடு இணைந்த கல்லூரிகளில். வளாகத்து மாணவனுக்கு மட்டும் என்று கதவைச் சாத்தக் கூடாது.

படிப்பின் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்வைக்குச் சின்ன விஷயம், ஆனால் எத்தனையோ பிள்ளைகளை அழ வைத்த விஷயம். சர்க்கார் உத்தியோகத்துக்கு விண்ணப்பம் போடும்போது, "உன் பட்டத்தின் பெயர் எங்கள் பட்டியலில் இல்லை, இது அந்தப் பட்டத்துக்கு இணையென்று அரசாணை கொண்டுவா" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை நாம் அறிவோம். இங்குள்ள பல்கலைக் கழகங்களின் பட்டங்களுக்கே இந்தக் கதி. இரண்டு நாடு சேர்ந்து புதுப் பெயர் சூட்டிய பட்டத்துக்கு என்ன கதி? மானியக் குழு சமம் என்று சொல்லிவிட்டது என்பதோடு நின்றுவிடாமல், எந்தப் பணிக்கு எந்தப் பட்டத்துக்கு இணை என்ற ஆணையை, மாணவனைச் சேர்ப்பதற்கு முன்பே மாநில அரசாங்கம் வெளியிட வேண்டும். படித்து முடித்த பிறகு அவன் கோட்டைக்கும் வீட்டுக்கும் நடக்கக் கூடாது.

மாவட்டக் கழகத் தோழர்களுக்கு இதில் உடனே செய்யக்கூடிய வேலை ஒன்றிருக்கிறது. உங்கள் வட்டாரத்துப் பொதுப் பல்கலைக் கழகம் அயல்நாட்டுப் பல்கலைக் கழகத்தோடு ஒப்பந்தம் போட்டதாகச் செய்தி வந்தால், கைகுலுக்கும் படத்தைப் பார்த்துவிட்டு ஏட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். அந்த ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி கொடுக்கிறது. மனுவில் கேட்க வேண்டியவை: இடங்கள் எத்தனை, கட்டணம் எவ்வளவு, இட ஒதுக்கீடு எப்படி, அயல்நாட்டுச் செலவு யாருடையது, கூட்டாளி விலகினால் மாணவனுக்கு என்ன வழி. பதில் தர முப்பது நாள் அவகாசம். கட்டணம் பத்து ரூபாய். பஞ்சாலைத் தோழருக்காக முதல் மனுவை நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.